தினமும் நூறு தடவை

கேளம்பாக்கத்துக் கல்லூரி ஒன்றின் ஆய்வுக்கூடத்தில், நகத்தைவிடச் சிறிய ஒரு சிப்புக்கு இரண்டு வருடம் பாடம் எடுத்தவள் நான். வெள்ளி நானோ இழைகளால் ஆனது. மூளை நரம்பு போல, திரும்பத் திரும்பத் தூண்டினால்தான் ஞாபகம் வைத்துக்கொள்ளும். தினமும் காலை ஒன்பதேகாலுக்கு அதைத் தூண்டும் பொத்தானை நூறு தடவை அழுத்துவேன். ஒரு நாள் விட்டாலும் படித்ததெல்லாம் அதற்கு மறந்துவிடும்.

ஆய்வுக் கட்டுரை வெளிவந்தபோது பேராசிரியர் அச்சுதன் பெயர் இருந்தது. என் பெயர் இல்லை. கேட்டேன்.

"பட்டன் அழுத்தறதுக்கெல்லாம் பேர் போடுவாளா, ஜெனிட்டா?" என்றார். மறுநாள் முதல் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து அச்சுதன் சார் ஃபோனில் கத்தினார். "சிப்புல தினம் நூறு தடவை அழுத்தினது பதிவாறது. பூட்டை மாத்திட்டேன், பட்டனையும் கழட்டி வெச்சுட்டேன். எப்படி உள்ளே வர்றே? போலீஸுக்குப் போவேன்."

"நான் ஊரப்பாக்கத்துல என் வூட்ல கீறேன் சார். உங்க ரூமுக்கு நான் ஏன் வரணும்?" என்று ஃபோனை வைத்துவிட்டேன். செய்த வேலைக்குப் பெயர் இல்லை, திருட்டுப் பட்டம் மட்டும் உண்டு.

அவரிடம் ஒன்றைச் சொல்லவில்லை. தினமும் ஒன்பதேகாலுக்கு என் ஆள்காட்டி விரல் தானாக அழுத்தத் தொடங்கும். பாத்திரத்தின் மேல், துணியின் மேல், எதன் மேலாவது. நூறு ஆனதும் நின்றுவிடும். பழக்கதோஷம் என்று விட்டுவிட்டேன்.

நேற்று ஆத்திரம் தாங்கவில்லை. இவருக்காக என் விரல் ஏன் உழைக்க வேண்டும்? நாற்பதாவது அழுத்தலில் அதை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

ஃபோன் அடித்தது. அச்சுதன் சார்தான். குரல் தணிந்திருந்தது.

"ஏம்மா, நாப்பதோட நிறுத்திட்டே?"