இழுத்தா மூடணும்

"எண்ணெய் போற ஹோஸ் ரெண்டையும் இடம் மாத்தி மாட்டிடுங்க தம்பி"ன்னார் மாமா.

மெக்கானிக் ஸ்பானரைக் கீழ வச்சார்.

"சார், லிவரைத் தள்ளினா கிராப்பிள் மூடும், இழுத்தா திறக்கும். இங்கேர்ந்து போன வண்டி எல்லாமே அப்படித்தான். ஹோஸை மாத்தினா எல்லாம் தலைகீழா நடக்கும்."

"அதான் வேணும். இழுத்தா மூடணும்."

எனக்குக் காலைலேர்ந்தே பத்திக்கிட்டு வந்தது. இதுக்கு மேல முடியல.

"ஊருக்கெல்லாம் ஒரு வழி, உங்களுக்கு மட்டும் தனி வழியா மாமா?"

மாமான்னா என் அக்காவோட மாமனார். ரிட்டயர் ஆனவர். போன வாரம் இதே கடையில திடீர்னு ஒரு மினி டிராக்டர் வாங்கினார். இன்னைக்கு அதுக்கு முன்னாடி கிராப்பிள் மாட்டுறோம். விழுந்த மரம், வெட்டிப் போட்ட கிளை, எதையும் கவ்வித் தூக்குற இரும்புத் தாடை.

அக்கா ஓரமா ஸ்டூல்ல உக்காந்திருந்தா. தோள்ல குழந்தை தூங்குது.

இவ சாதாரண ஆளில்ல. பழைய இரும்பு யார்டுல மெஷின் ஓட்டினவ. நசுங்கின காரைக் கவ்வித் தூக்கி, பூ மாதிரி லாரியில வைப்பா. குழந்தை பிறந்ததும், யார்டுல 'அப்புறம் பாக்கலாம்'னுட்டாங்க. நேர்ல போய்க் கேக்கறேன்னு கிளம்பினவளை, "நீ அங்கெல்லாம் போக வேண்டாம்மா"ன்னு வாசல்லயே நிறுத்தினது இந்த மனுஷன்தான். அத்தான் கப்பல் வேலையில, ஊர்ல இல்ல. கேக்க யாருமில்லன்னு நெனச்சுட்டார் போல. நான் இருக்கேன்ல?

காலைல கிராப்பிள் தேர்ந்தெடுக்கும்போதே சண்டை ஆரம்பிச்சாச்சு. கடைக்காரர் பெருசா ஒண்ணு காட்டினார். மாமா பக்கத்துல இருந்த சின்னதைத் தட்டிப் பாத்தார்.

"இதென்ன மாமா, சாமணம் மாதிரி இருக்கு? இதை வச்சு மரம் தூக்கவா, மூக்குல முடி பிடுங்கவா?"

"பெருசு அதுவே செம கனம். அதைத் தூக்கறதுக்கே வண்டிக்குப் பாதி பலம் போயிடும். மேல மரத்தையும் கவ்வினா, பின்சக்கரம் எழும்பிடும்."

"யார் சொன்னா?"

"தெரிஞ்சவங்க."

அடுத்து கடைக்காரர்கிட்ட திரும்பினார். "மேல ஒத்தைத் தாடை வேண்டாம். பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு வேணும், தனித்தனியா மூடணும். ஒரு பக்கம் தடி, ஒரு பக்கம் குச்சின்னாலும் நழுவாது."

"இதையும் தெரிஞ்சவங்கதான் சொன்னாங்களா?"

"ஆமா."

இப்ப ஹோஸ்ல வந்து நிக்கறார்.

"வேற யாராவது ஏறி, பழக்கத்துல தள்ளிட்டா என்ன ஆகும் தெரியுமா?"ன்னேன். "தாடை திறந்து மரம் கால்ல விழும்."

"வேற யாரும் ஏறப் போறதில்ல."

"பாத்தியாக்கா? பொம்மை வாங்கியாச்சு. யாரும் தொடக் கூடாதாம்."

அக்கா கண்ணாலயே 'சும்மா இரு'ன்னா.

நானா சும்மா இருப்பேன்? "வேலைக்குப் போயிட்டிருந்தவளை வீட்ல உக்கார வச்சாச்சு. இனிமே ரிட்டயர் ஆனவர் வண்டி ஓட்டி விளையாடுவார். நல்லா இருக்கு நியாயம்!"

கடைக்காரர் தொண்டையைக் கனைச்சார். மெக்கானிக் வேகவேகமா டிராக்டருக்கு அடியில பூந்துட்டார். மாமா குனிஞ்சு அவரைக் கூப்பிட்டார்.

"லிவர் பக்கத்துல இருக்கிற ஸ்டிக்கரையும் மாத்திடுங்க தம்பி. இழுத்தா மூடும்னு பெருசா எழுதி ஒட்டுங்க."

மெக்கானிக் ஹோஸை மாத்தினார். இஞ்சினைப் போட்டு ரெண்டு தடவை திறந்து மூடினார். எங்கயும் எண்ணெய் கசியல. கடைக்குப் பின்னால பழைய மரத்துண்டு ஒண்ணு கிடந்தது. அதுக்கு நேரா வண்டியை நிறுத்திட்டு இறங்கினார்.

"ஏறிப் பாருங்க சார்."

"நானா?" மாமா ரெண்டடி பின்னால போனார். "எனக்கு சைக்கிளையே தள்ளிட்டுப் போகத்தான் தெரியும்."

மெக்கானிக் என்னைப் பாத்தார். நான் கடைக்காரரைப் பாத்தேன்.

மாமா ஸ்டூல்கிட்ட போய்க் கையை நீட்டினார்.

"குழந்தையைக் குடும்மா. நீ ஏறு."

அக்கா குழந்தையை அவர் கையில குடுத்துட்டு, ஏறி உக்காந்தா.

லிவரை அவ பாக்கவே இல்ல. கண்ணு பூரா மரத்துண்டு மேலதான். கை தானா லிவருக்குப் போச்சு, இழுத்துச்சு. ரெண்டு தாடையும் கப்புனு கவ்வுச்சு. மரத்தைத் தூக்கி, ஒரு சத்தமும் இல்லாம அந்தப் பக்கம் வச்சா.

இஞ்சினை நிறுத்தினா. மாமா பக்கம் திரும்பினா.

"எங்க யார்டு மெஷினும் இழுத்தாதான் மூடும். உங்களுக்கு எப்படி மாமா தெரியும்?"

குழந்தை முழிச்சு அவர் கண்ணாடியைப் பிடிச்சு இழுத்துட்டு இருந்தது. அதோட சின்ன விரலை ஒவ்வொண்ணா எடுத்துக்கிட்டே சொன்னார்.

"உனக்கு வேலை கேட்டு ரெண்டு மூணு தடவை அங்க போனேம்மா. வாய்க்கு வந்தபடி பேசினாங்க. நீ போய் அதையெல்லாம் கேக்க வேண்டாம்னுதான் தடுத்தேன். வெறுங்கையோட திரும்பி வருவானேன்னு, உன்கூட வேலை பாத்தவங்ககிட்ட லிவர் எப்படின்னு கேட்டுட்டு வந்தேன்."