மெசியான் வீட்டு மேல்தளம்

அந்த ஆளின் கறுப்பு ஷூவைப் பார்த்ததுமே மெசியானுக்குச் சந்தேகம் தட்டியது. கான்கிரீட் போடுகிற வீட்டுக்கு எவனாவது பாலிஷ் போட்ட ஷூவில் வருவானா? அக்குளில் ஃபைலை இடுக்கிக்கொண்டு, டேப்பை இழுத்து மாடிச் சுவரை அளந்துகொண்டிருந்தான்.

"போச்சுடி. நகராட்சிக்காரன் வந்துட்டான்," என்றார் மனைவி வர்தியாவிடம்.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை, தொழுகை நாள். ஆபீஸ் லீவுன்னுதானே இந்த நாளப் பாத்து வச்சீங்க?"

"எவனோ போட்டுக் குடுத்திருக்கான். எனக்கென்ன விரோதிக்கா பஞ்சம்?"

அனுமதி வாங்கியது கீழ்வீட்டுக்கு மட்டும்தான். அது தம்பியின் பங்கு. அதில் ஓர் ஓரத்து அறையில் மெசியானும் வர்தியாவும் நாலு பிள்ளைகளும் வருஷக்கணக்காக முடங்கிக் கிடந்தார்கள். "இந்த மழைக்கு முன்னாடி மாடியில கூரை விழலேன்னா, பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு அல்ஜியர்ஸ்ல அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்" என்று வர்தியா சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் செய்கிறவள்.

கம்பி கட்டி நிற்கிற வேலையை நகராட்சி நிறுத்திவிடும். ஆனால் கான்கிரீட் விழுந்துவிட்டால், அந்த மலைப்பக்கத்தில் யாரும் வந்து இடித்ததாகச் சரித்திரமே இல்லை. இன்று மத்தியானத் தொழுகைக்குள் தளம் முடிந்துவிட்டால் மெசியான் பிழைத்தார்.

விடியும்போதே ஊர் திரண்டு வந்திருந்தது. ஒரு வீட்டில் தளம் என்றால் அங்கே யாரையும் கூப்பிட வேண்டியதில்லை, கூலியும் கிடையாது. வேலை முடிந்ததும் அவித்த கோதுமைக் குஸ்குஸும் ஆட்டுக்கறியும் போட்டால் போதும். உதவ வந்தவனை நீ யார், எந்த ஊர் என்று கேட்பது மட்டும் மகா மரியாதைக் குறைவு.

மெசியான் மாடிக்கு ஓடி ஷூக்காரனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க வாங்க! தூசியில நிக்கலாமா? கீழ வாங்க!"

"இல்லீங்க, அளவ முடிச்சுட்டா நான் பாட்டுக்கு..."

"அளவெல்லாம் ஓடியா போகுது? சாப்பிடாம எங்க வீட்டுப் படி இறங்க முடியாது!"

அவனைத் தம்பி வீட்டுக் கூடத்தில் உட்காரவைத்து, ஜன்னலையும் அடைத்தாயிற்று. காப்பி வந்தது. தேனில் ஊறிய அப்பம் வந்தது. அவித்த முட்டை வந்தது. அவன் எழுந்திருக்கப் பார்த்தபோதெல்லாம் வர்தியா இன்னொரு தட்டோடு வாசலை மறித்து நின்றாள்.

மெசியான் படிக்கட்டுக்குத் திரும்பினார். அங்கே வழுக்கைத் தலைக்காரர் ஒருவர், முழங்கால்வரை சிமெண்ட் அப்பியிருக்க, வாளி வாளியாகக் கலவையைச் சுமந்துகொண்டிருந்தார். வர்தியா வழிச் சொந்தமாக இருக்கும், நல்ல மனிதர்.

"அண்ணே, இன்னும் வேகமா! கீழ நகராட்சிக்காரன் உக்காந்திருக்கான். அவன் கை கழுவறதுக்குள்ள தளம் முடிஞ்சாகணும்."

வழுக்கையர் வாளியைக் கீழே வைத்தார். "அந்த ஷூ போட்டவரா? நகராட்சியில வேல பாக்கறவங்க அவ்வளவு நல்ல ஷூ போட மாட்டாங்களே தம்பி."

"ஏன் போட மாட்டாங்க? அட்டை மாதிரி ஊர் ரத்தத்த உறிஞ்சற கூட்டம்! ஒரு நல்லவன் உண்டா அதுல?"

வழுக்கையருக்குப் புரையேறிவிட்டது. இருமி முடித்தவர், வாளியைத் தூக்கிக்கொண்டு முன்னைவிட வேகமாகப் படியேறினார். இந்த மாதிரி நாலு பேர் இருந்தால் கோட்டையே கட்டலாம் என்று மெசியான் மனம் குளிர்ந்தார்.

கீழே ஆட்டுத்தொடை பரிமாறப்பட்டது. ஷூக்காரன் பெல்ட்டைத் தளர்த்தினான்.

பாங்கு சொல்வதற்குச் சற்று முன்னால் கடைசி வாளி விழுந்தது. மாடியில் பெண்கள் குலவையிட்டார்கள். மெசியானுக்குக் கண் நிறைந்துவிட்டது. வர்தியா இனி எங்கேயும் போக மாட்டாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திக் கூடத்துக்குள் நுழைந்தார்.

"தளம் முடிஞ்சுது ஐயா. இனிமே நீங்க எழுதறத எழுதிக்கோங்க!"

"அதுக்குத்தானே வந்தேன்," என்று அவன் உற்சாகமாக ஃபைலைத் திறந்தான். உள்ளே வண்ண வண்ணப் படங்கள். "மொத்தம் எத்தன ஜன்னல் போடலாம்னு இருக்கீங்க?"

"ஜன்னலா?"

"அலுமினிய ஜன்னலுங்க. டவுன்ல கடை வச்சிருக்கேன். மாடி எழும்புதுன்னு கேள்விப்பட்டு வந்தேன்." அவன் வயிற்றைத் தடவிக்கொண்டான். "எத்தனையோ வீட்டுக்குப் போயிருக்கேன். இந்த மரியாதைய எங்கயும் பாத்ததில்ல."

வர்தியா காலித் தட்டையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஊருக்கென்று எடுத்துவைத்த கறியில் நல்ல பாகமெல்லாம் போய்விட்டிருந்தது. மெசியானுக்கோ சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே முற்றத்துக்கு ஓடினார். குழாயடியில் வழுக்கையர் கை கழுவிக்கொண்டிருந்தார். அவரை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"நீங்க சொன்னதுதான் சரி அண்ணே! அவன் ஜன்னல் விக்கறவனாம்! காலையிலேருந்து சும்மா பயந்து செத்தேன். நகராட்சிக்காரன் வரவே இல்ல!"

வழுக்கையர் முழங்கையில் காய்ந்துபோன சிமெண்டைச் சுரண்டிக்கொண்டே சொன்னார்:

"வந்தேனே தம்பி. நிறுத்துங்கன்னு சொல்ல வாயத் திறக்கறதுக்குள்ள, உங்க வீட்டம்மா என் கையில வாளியக் குடுத்துட்டாங்க."