மைதானத்தில் ஒரு நிலை

சுதந்திரம் வந்த மறு வருஷம், விளையாட்டு மைதானம் கட்டுவதற்காகத் தூத்துக்குடியில் எங்கள் தெருவை இடித்தார்கள். எல்லோரையும் போல நாங்களும் வீட்டு வாசலின் மர நிலையைப் பெயர்த்து எடுத்துக்கொண்டோம். “நெலை வந்தாப் போதும், வீடு வந்த மாதிரிதான்,” என்று சொல்லித்தான் என் மனைவி முத்துக்கனி புறப்பட்டாள். ஊருக்கு வெளியே கட்டிய புது வீட்டில் அதையே நிறுத்தினோம். குட்டையான நிலை அது. குனியாமல் நுழைந்தால் நெற்றியில் இடிக்கும். வெள்ளிக்கிழமை காலையில் அவள் அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பாள்.

மைதானம் திறந்த பிறகு, மாலையில் பந்தாட்டம் பார்க்கப் போவேன். எங்கள் வாசல் இருந்த இடத்துக்கு வந்ததும், பந்தோடு ஓடுகிறவர்கள் சற்றுத் தலை குனிந்து கடந்தார்கள். பழைய தெருவைப் பார்த்தே இராதவர்களும் குனிந்தார்கள்.

முத்துக்கனியிடம் சொன்னேன்.

“நெலை இங்கனல்லா நிக்கி. நீங்க எதையாவது பாத்துட்டு வந்து சொல்லுதிய,” என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவளையும் கூட்டிப்போனேன். அன்று கடலில் நங்கூரமிட்டிருந்த கப்பலின் மாலுமிகள் ஆடினார்கள். அவர்களில் நெட்டையான ஒருவன் நிமிர்ந்தபடியே அந்த இடத்துக்கு ஓடிவந்தான். எதிரே யாரும் இல்லை. மல்லாந்து விழுந்தான்.

கூட்டாளிகள் அவனைத் தூக்கிவந்து எங்கள் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். முத்துக்கனி அவன் முகத்தையே பார்த்தாள்.

“காலையில நான் வச்சதுல்லா இது,” என்றாள்.

அவன் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் ஈரம் காயாமல் இருந்தன.