வெளியாள்: ஒன்று

ஜெசிந்தா கொடுத்த சிறுநீரகம் ஏழு வருஷமாக அவள் புருஷன் சங்கரபாண்டியின் உடம்பில் இருக்கிறது. உடம்பில் அந்நிய உறுப்பு இருக்கிறதா என்று பார்க்கும் அவன் மணிக்கட்டுப் பட்டை தினமும் காலையில் 'வெளியாள்: ஒன்று' என்று காட்டும். இன்று 'வெளியாள்: இல்லை' என்றது. சிறுநீரகம் செத்துவிட்டதோ என்று இருவரும் பதறியடித்து டாக்டரிடம் ஓடினார்கள்.

டாக்டர் சிரித்தார். "போன மாசம் ஊசியில போட்ட இணைப்புப் புரதம் வேலை செஞ்சிருக்கு. உங்க உடம்போட எதிர்ப்புச் செல்லெல்லாம் கிட்னியோட சண்டை போடுறதை நிறுத்திடுச்சு. சிறுநீரகச் செல்லும் சாகாம, தன் குப்பையைத் தானே தின்னு சுத்தமா இருக்கு. இனி அது உங்க சொந்தக் கிட்னி. மாத்திரையெல்லாம் வேண்டாம்."

சங்கரபாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

ஜெசிந்தா மட்டும் எழுந்திருக்கவில்லை. "டாக்டர், கல்யாணமாகி இருபது வருஷமாச்சு. எங்க மாமியார் என்னை இன்னும் 'வந்தவ'ன்னுதான் சொல்றாங்க. அந்த ஊசி இன்னொண்ணு இருக்கா?"