கூட்டம் வரும் நாள்

“சவுண்டைக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க சார். பயந்துகினு கீது பாருங்க,” என்றார் நாய்ப் பயிற்சியாளர் சிட்டிபாபு.

வில்பிரட் கைப்பேசியின் ஒலியைக் குறைத்தார். பழைய ஃபிரிட்ஜ் ஓடுவது போன்ற அந்தச் சத்தம் தாழ்ந்ததும், ஐம்பது கிலோ ராட்வைலரான சிம்சோனின் காதுகள் தளர்ந்தன. சிட்டிபாபு வேகவைத்த ஈரல் துண்டு ஒன்றை நீட்டினார்.

“இவ்ளோதான் சார். அது பயப்படாத அளவுக்குச் சத்தம், கூடவே ஈரல். நாளைக்குக் கொஞ்சம் ஏத்தலாம். மேல ஏர்போர்ஸ் பிளேன் போவுதே, தலையைத் தூக்குதா? குட்டியிலேர்ந்து கேட்டுகினு கீது. அதான்.”

அந்தச் சேலையூர் வீட்டுக்கு அவர் வரத் தொடங்கி ஆறு வாரம். போன வருடம் சிலிண்டர் போட வந்தவரைச் சிம்சோன் கடித்துவிட்டது. இன்னொரு முறை கடித்தால் நாய் இங்கே இருக்கக் கூடாது என்று காலனி சங்கம் எழுதியே கொடுத்திருந்தது.

“வீட்டுக்கு ஒருநாள் பெரிய கூட்டம் வரும். அன்னிக்கு அவன் யாரையும் கடிச்சிடக் கூடாது,” என்றுதான் வில்பிரட் அவரை அழைத்திருந்தார். வெள்ளைச் சட்டை, பூ வாசனை, பாட்டு என்று ஒவ்வொன்றாகப் பழக்கினார்கள். சங்கிலி மட்டும் எப்போதும் மனைவி ஹில்டா கையில்தான் இருக்க வேண்டும் என்பார் வில்பிரட்.

“அன்னிக்கு ஒருநாள் எங்க கென்னல்ல வுட்டுடலாமே சார்?”

“வேணாம். அவன் கூடவே இருந்து பாக்கணும். இல்லாட்டி தினம் கேட்டையே பாத்துட்டு உக்காந்திருப்பான்.”

இன்றைய பாடம் பெஞ்சு. பக்கத்துத் தெருக்காரர்கள் ஆறு பேர் அதைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்ட வேண்டும்.

“இன்னா சார், பந்தி பெஞ்சா? பிரியாணில எனக்கும் பங்கு உண்டா?”

“உங்களுக்குச் சொல்லாமலா?” என்றார் வில்பிரட். தொளதொளத்த சட்டைக்குள் மூச்சு வாங்கியது.

பெஞ்சு உயர்ந்ததும் சிம்சோன் உறுமியது. ஹில்டா சங்கிலியைச் சுண்டப் போனார்.

“இழுக்காதீங்கக்கா. உறுமறது கோவம் இல்ல, ‘பயமா இருக்கு, தள்ளிப் போ’ன்னு சொல்லுது. அதை அடக்கிட்டா, சொல்லாம கடிக்கும். பெஞ்சைத் தூரத்துலேர்ந்து கொண்டாங்கப்பா.”

நான்காவது முறை பெஞ்சு கேட்டைத் தாண்டியபோது சிம்சோன் படுத்தபடியே பார்த்தது. ஹில்டா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“பாஸ் ஆயிடுச்சு சார். விசேஷம் என்னிக்கு?”

“தேதி இன்னும் தெரியல.”

“தேதி தெரியாத விசேஷமா? சரி, அக்கா பேச்சை இன்னும் முழுசா கேக்க மாட்டேங்குது. அன்னிக்கு நீங்க பக்கத்துல நின்னு ‘உக்காரு’ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்.”

வில்பிரட் குனிந்து சிம்சோனின் தலையை மெல்ல வருடினார்.

“அன்னிக்கு என்னால சொல்ல முடியாது, சிட்டிபாபு. அந்த ஆறு பேர் தூக்கிட்டுப் போறதே என்னைத்தான்.”