இடைவெளிக்கு ஒரு சாட்சி

வேலைக்கு விண்ணப்பித்திருந்த பூங்கோதையிடம் நேர்காணல் நடத்திய கணினித் திரை மூன்றாம் முறையாகச் சொன்னது: "வேலையில் இல்லாத நான்கு ஆண்டு இடைவெளிக்குச் சாட்சி தேவை."

"அப்பாவ வீட்ல வச்சுப் பாத்துக்கிட்டேன். சாட்சின்னு வேற யாரும் இல்ல."

"பராமரிக்கப்பட்டவரே சொல்லலாம்."

மறதி நோயில் எல்லாவற்றையும் தொலைத்திருந்த அப்பாவை நாற்காலியோடு திரைக்கு முன் நகர்த்தி, வாயோரம் ஒட்டியிருந்த கஞ்சியைத் துடைத்துவிட்டாள்.

"ஐயா, இந்தப் பெண் யார்?"

அப்பா அவளை வெகுநேரம் பார்த்தார். "இங்க வேலை செய்யிற பொண்ணு. குளிப்பாட்டும், ஊட்டிவிடும். தங்கமான பொண்ணு. ஒரு நாள்கூட லீவு போட்டதில்ல."

திரை பச்சையானது. "இடைவெளி நீக்கப்பட்டது. நான்கு ஆண்டு, வீட்டுப் பணியாளர். முதலாளியுடன் உறவு: இல்லை. ஒப்புக்கொண்டால் திங்கட்கிழமை பணியில் சேரலாம்."

திருத்தச் சொன்னால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். ஏற்கெனவே பதினோரு இடங்களில் இந்த நான்கு ஆண்டைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்திருந்தாள். பூங்கோதை திரையில் விரலை வைத்தாள்.

அப்பா அவள் மறு கையைப் பிடித்துக்கொண்டார்.

"என் மக வர்ற வரைக்கும் வேலைய விட்டு நின்னுடாதம்மா."