ஐந்து முறை பிசகிய கொம்பு

நாதத்துக்கு முன்னிருக்கும் மௌனமாகவும், அது அடங்கியபின் எஞ்சும் அமைதியாகவும் நிறைந்திருக்கும் இறைவன் திருவடி துணை.

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் ஒரு கிராமத்துத் தேவாலயம். சிம்பொனி ஒன்றின் ஒலிப்பதிவு தொடங்கியதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. கத்பர்ட் ஊதிய பித்தளைக் கொம்பு முதல் சுரத்திலேயே பிசகியது. இது மூன்றாம் முறை.

பக்கத்து அறையில் ஹெட்போனுடன் அமர்ந்திருந்த ரோசலிண்ட் பல்லைக் கடித்தாள். பதிவுக்குப் பொறுப்பு அவள். மெதுவான இரண்டாம் பகுதி மட்டுமே பாக்கி. மதியம் ஒரு மணி ஆனால் கலைஞர்கள் எழுந்துவிடுவார்கள். அது கலைஞர் சங்கத்தின் விதி.

அந்தச் சிம்பொனியை எழுதிய வினிஃப்ரெட் ஆஸ்கோவுக்குத் தொண்ணூற்றொரு வயது. எழுதி அறுபது ஆண்டுகளாகியும் அதை ஒருவரும் வாசித்ததில்லை. "தலைக்குள்ளயே கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு. ஒரே ஒரு தடவை, வாசிக்கிற இடத்துல உக்காந்து காதால கேக்கணும்" என்று ரோசலிண்டுக்குக் கடிதம் எழுதியிருந்தார்.

ஆனால் இன்று காலை செவர்ன் ஆறு பெருகிச் சாலையை மூடிவிட்டது. அவருடைய கார் சுற்றிக்கொண்டு வருவதாகச் செய்தி வந்தது. சற்றுக் காத்திருக்கலாமே என்று கத்பர்ட்தான் கேட்டார். நேரமில்லை, இசைத்தட்டு வந்ததும் கேட்டுக்கொள்ளட்டும் என்று ரோசலிண்ட் மறுத்துவிட்டாள்.

நான்காம் முறையும் பிசகியது.

"காலையில தின்ன பேக்கன் உள்ள மாட்டிக்கிச்சா, கத்பர்ட்?" என்றார் பின்வரிசைக்காரர் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். கத்பர்ட் கொம்பைச் சாய்த்து, ஊதியதில் உள்ளே சேர்ந்த நீரை வடித்தார்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, அடுத்த பதிவுக்கு உங்களைக் கூப்பிட மாட்டேன்" என்று ஒலிபெருக்கியில் சொன்னாள் ரோசலிண்ட்.

ஐந்தாம் முறை, முன்னைவிட மோசம். அவள் அடுத்த பதிவுக்கான பட்டியலை எடுத்து அவர் பெயரை அடித்துவிட்டாள்.

மணி பன்னிரண்டரை. கதவு கிறீச்சிடும் ஓசை ஹெட்போனில் கேட்டது. பிறகு ஊன்றுகோலின் தட்டல், கடைசி இருக்கையின் முனகல், மௌனம்.

ஆறாம் முறை அந்தச் சுரம் அப்பழுக்கின்றி எழுந்தது. பதினொரு நிமிடங்கள். கடைசி ஒலி கல்வளைவுகளில் கரைந்ததும், யாரோ நீளமாக மூச்சுவிட்டது கேட்டது. அறுபது ஆண்டுகளாக அடக்கி வைத்த மூச்சு.

ரோசலிண்ட் நேரே கத்பர்ட்டிடம் போனாள்.

"ஒரே சுரத்துல அஞ்சு தடவை தப்பு. அப்புறம் எப்படி?"

"மன்னிச்சுக்குங்க, ரோசலிண்ட்" என்றார் அவர், கொம்பைப் பெட்டியில் வைத்தபடி. "என் நாற்காலிக்கு நேர் எதிர்ல ஜன்னல், அதுல பாலம் தெரியும். அவங்க கார் பாலத்தைத் தாண்டுற வரைக்கும் உதடு ஒத்துழைக்கல."

இதைக் கேட்போர் காத்திருப்பதெல்லாம் காலத்தோடு வந்து சேர்க. அவர்களுக்காகப் பிசகவும் ஒருவர் வாய்க்க.